பின் சீட்டு அம்மா

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஓசூரிலிருந்து கோகிலவாணி போன் செய்தாள். லோகேஸ்வரன் எடுக்கவில்லை. விவாகரத்து ஆன இரண்டு வருடத்தில் அவள் மூன்றே தடவைதான் கூப்பிட்டிருக்கிறாள்; மூன்றும் சண்டைக்குத்தான். இதுவும் அதுவாகத்தான் இருக்கும், வக்கீலிடம் பேசிக்கொள்ளட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீயைக் குடித்தான். ஐந்தாவது தடவை அடித்தபோது எடுத்தான்.

"என் மூஞ்சிய என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றாள்.

கல்யாணமாகி எட்டு வருடமும் "ஏனுங்க, வாங்க, போங்க" என்று பேசியவள். தீர்ப்பு வந்த அன்றைக்கே அந்த மரியாதையையும் தாலியோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டாள்.

"எந்த மூஞ்சி? புரியற மாதிரி பேசு."

"பாப்பா வண்டிய விட்டு இறங்க மாட்டேங்கிறா. கதவத் திறந்து வெச்சுட்டு நிக்கிறேன். 'நீங்க யாரு'ன்னு என்னையக் கேக்கறா. அம்மா உள்ள இருக்காங்கன்னு டிவியக் காட்டறா. உள்ள எவளோ ஒருத்தி என் சுடிதாரப் போட்டுக்கிட்டு, என் சமையல்கட்டுல நின்னு, என் குரல்லயே தோசை சுடறா. யார் அவ? எங்கிருந்து புடிச்ச?"

"நான் எதுவும் பண்ணலை."

"பண்ணாமத்தான் மாறிச்சா? நாலு மாசம் கழிச்சு எம்புள்ளையப் பாக்கறேன். என்னைக் கடிச்சு வெச்சுட்டா. கையில பல்லு பதிஞ்சு கிடக்கு. கோர்ட்ல பாத்துக்கறேன் உன்னைய."

போன் வைக்கப்பட்டது. லோகேஸ்வரனுக்கு முதலில் வந்தது கோபம். அதற்கு அடியில், யாரிடமும் ஒப்புக்கொள்ள முடியாத ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. இப்படியொன்றைச் செய்ய முடியும் என்று நமக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்பதுதான் அந்த வருத்தம். அவன் அப்படிப்பட்ட ஆள்தான். பம்புசெட் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைக் கவனிக்கிறவன். போட்டிக் கம்பெனிக்காரன் செய்த தந்திரத்தைக் கேட்டால்கூட முதலில் பொறாமைதான் வரும்.

அந்த வண்டி இவர்கள் இருவருக்கும் நடுவில் தூது போவது. ஓட்டுநர் கிடையாது. கோயம்புத்தூரில் கதவைப் பூட்டினால் ஓசூரில் கோகிலவாணியின் கைரேகைக்குத்தான் திறக்கும். கண்காணிப்பு அறையிலிருந்து ஒரு அம்மாள் வழியெல்லாம் கேமராவில் பார்த்துக்கொண்டே வருவாள். பெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று ஊரில் பாதி விவாகரத்துக் குடும்பங்கள் இதே வண்டியைத்தான் வைத்திருந்தன. ஓவியாவுக்கு ஐந்து வயது. அவள் தினமும் பள்ளிக்கூடம் போவதும் வருவதும்கூட இதே பின் சீட்டில்தான்.

பின் சீட்டுக்கு எதிரே ஒரு திரை. அதில் ஆளுக்குப் பாதி நேரம் என்று நீதிமன்றம் பிரித்துக் கொடுத்திருந்தது. அம்மா போனில் எடுத்து அனுப்புகிற வீடியோப் படம் பாதி, அப்பா எடுத்த படம் பாதி. குழந்தை லோகேஸ்வரன் வீட்டில்தானே இருக்கிறது, அவனுக்கு எதற்குப் பாதி என்று கேட்கலாம். நீதிபதியும் கேட்டார். முழு நேரத்தையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க இவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போய் இரவு ஒன்பதுக்கு வருகிறவன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஒரு அம்மாள் இருந்தாள். ஆனால் படம் எடுத்து அனுப்ப மட்டும் அவன் மறந்ததே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. குழந்தை வண்டியில் எத்தனை நிமிடம் அழுதது என்று வண்டியே குறித்து மாதாமாதம் அறிக்கை அனுப்பும். ஓசூருக்குப் போகும்போதெல்லாம் ஓவியா அழுதாள். அதை வைத்துத்தான் லோகேஸ்வரனின் வக்கீல், அம்மாவிடம் போவதென்றாலே குழந்தை அழுகிறது, எனவே சந்திப்பை நிறுத்தி வையுங்கள் என்று மனுப் போட்டார். நிறுத்தினார்கள். போனில் பேசினாலும் பெரியவர்கள் சண்டையில்தான் முடிகிறது என்று அதையும் நிறுத்தினார்கள். படம் மட்டும் அனுப்பலாம், அழுகை நின்றால் மறுபடி பார்க்கலாம் என்று உத்தரவு. நாலு மாதத்தில் அழுகை அடியோடு நின்றது. அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை குழந்தை ஓசூருக்குப் போனாள்.

இறங்காத குழந்தையை வண்டி அன்றிரவே திருப்பிக் கொண்டுவந்து விட்டது. சனிக்கிழமை காலை கடை திறந்ததும் லோகேஸ்வரன் அவினாசி ரோட்டில் இருந்த வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனான். தான் செய்யவில்லை என்று எழுத்தில் வேண்டும். முடிந்தால் அவளே செய்தாள் என்றும் வேண்டும்.

பர்ஹானா என்ற பெண் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரி சிரிக்கக் கற்றுக்கொண்ட பெண்.

"நீங்க மாத்தல சார். மேடமும் மாத்தல. வண்டிதான் மாத்தியிருக்கு."

"வண்டி எப்படிங்க ஒரு ஆளோட மூஞ்சிய மாத்தும்?"

"போன்ல எடுத்த படத்த அப்படியே பின் சீட்டுத் திரையில போட முடியாது சார், தெரியுமில்ல? ஆப்ல போட்டு மாத்தித்தானே அனுப்பறீங்க?"

"ஆமா. கேக்கற கட்டத்துலயெல்லாம் டிக் போட்டுட்டு உக்காந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கும்."

"அது எதுக்குன்னா, ஓடற வண்டியில, வண்டியோட சேந்து அசையாத படத்தப் பாத்தா குழந்தைங்க வாந்தி எடுத்துரும். தொப்பூர் வளைவுல வண்டி இடது பக்கம் சாஞ்சா படமும் கூடவே சாயணும். அதுக்காக ஒவ்வொரு காட்சியையும் வண்டி புதுசா வரைஞ்சுக்கும். நீங்க அனுப்பறது ஒரு மாதிரிதான் சார். பாப்பா பாக்கறது வண்டி வரைஞ்சது."

"வரையறதுன்னா உள்ளத உள்ளபடி வரைய வேண்டியதுதானே?"

"அப்படித்தான் வரையும். ஆனா ஆப்ல 'பயணி அமைதி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் போட்டா, குழந்தையோட முகத்த கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். எதப் பாத்து அழுவுதோ அதக் கொஞ்சம் கொறைக்கும். எதப் பாத்தா அமைதியா இருக்கோ அதக் கூட்டும். பாக்காம விடற இடத்தையும் எடுத்துரும். வழக்கமா நாய், பேய், ஊசி இதெல்லாம்தான் போகும்." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இதுல மேடத்தோட முகமே போயிருக்கு. ஒரே நாள்ல இல்ல. முதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, அப்புறம் சிரிப்பு. மேடம் தான் அனுப்பின எல்லாப் படத்துக்கும் அவங்களே டிக் போட்டிருக்காங்க."

வரிசையாகப் பதினைந்து முகங்கள். முதலாவது கோகிலவாணி. இடது புருவத்தில் தழும்பு, தூக்கமில்லாத கண்கள், சற்றே எடுப்பான முன்பற்கள். கடைசியில் இருந்தவள் யாரோ. விளம்பரத்தில் வருகிற பெண்ணைப்போல வழுவழுவென்று, நல்லவளாகவும் யாருக்கும் சொந்தமில்லாதவளாகவும் இருந்தாள். லோகேஸ்வரனே ஒரு தடவை முதல் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அப்படின்னா அவ மூஞ்சியப் பாத்து பாப்பா அழுதிருக்கா. அதானே?"

"டிக் போட்ட முதல் எழுபது நாள்ல அறுபத்தோரு நாள் அழுதிருக்காங்க சார்."

"என் மூஞ்சியப் பாத்து?"

பர்ஹானா பார்த்தாள். "ஒரு தடவைகூட இல்ல சார்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். இரண்டு வருடமாக இந்த ஒரு தாளுக்காகத்தான் அலைந்தான் என்று சொல்ல வேண்டும். நல்ல அப்பா யார் என்பதற்கு இனி ஒரு இயந்திரமே சாட்சி.

"அழுத ரெக்கார்டிங் இருக்கு. பாக்கறீங்களா?" என்றாள் பர்ஹானா. வேண்டாம் என்று அவன் சொல்வதற்குள் ஓட விட்டாள்.

பின் சீட்டில் ஓவியா. நாலு மாதத்துக்கு முந்தைய ஓவியா. முன்பல் ஒன்று இன்னும் விழவில்லை. திரையில் கோகிலவாணி தோசைக் கரண்டியை ஆட்டி ஏதோ கதை சொல்கிறாள். குழந்தை பெல்ட்டை இழுத்துக்கொண்டு எம்பி, இரண்டு உள்ளங்கையையும் திரையில் வைத்து அழுத்துகிறது. "அம்மா, வெளிய வா. வெளிய வாம்மா." அந்தப் படம் முடிந்து, இவன் எடுத்த படத்தின் பொம்மை ரயில் வரும்வரை அந்தக் கைகள் எடுக்கப்படவே இல்லை.

பயத்தில் அழுகிற குழந்தை கையை முன்னால் நீட்டாது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவனுக்கும் புரிந்தது.

"எதுக்காக அழுவுதுன்னு இதுக்குத் தெரியாதா?" என்று கேட்டான்.

"கண்ணீரு வந்தா கண்ணீர்தான் சார். பயமா, ஏக்கமான்னு பிரிக்கத் தெரியாது."

லோகேஸ்வரன் திரையை அவள் பக்கமே திருப்பி வைத்தான். பிறகு, "நம்பர் இருக்கிற பக்கத்த மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க. ரெக்கார்டிங் வேண்டாம்" என்றான்.

பர்ஹானாவின் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. "சார், உங்க படத்துக்கும் கீழ இன்னொரு குறிப்பு இருக்கு..."

அவன் அதற்குள் எழுந்துவிட்டான். வக்கீலைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே வெளியே வந்தான். வக்கீலுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா முகத்தப் பாத்தாலே குழந்தை அழுவுதுன்னு மெஷினே சொல்லிருச்சு. இனி அவங்க என்ன வாதாடுவாங்க? நிரந்தரமா நிறுத்திரலாம் சார்" என்றார். லோகேஸ்வரன் "ம்" என்றான். உள்ளங்கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசனை அறை. வக்கீல்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆலோசகர் செலின் மேடம் ஐம்பது வயதுக்காரர். இந்த அறையில் பார்க்காத சண்டையே இல்லை என்பதால் எதற்கும் அவர் புருவம் உயராது. கோகிலவாணி ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே கட்டு. உட்கார்ந்ததும் கட்டை அவிழ்த்து மேஜைமேல் கையை வைத்தாள். சின்னச் சின்னப் பற்கள் வரிசையாகக் கறுத்துத் தெரிந்தன.

"பாருங்க மேடம். இது எம்புள்ள கடிச்சது இல்ல. இவன் கடிச்சது."

"தாள்ல என்ன இருக்குன்னு முதல்ல படிக்கச் சொல்லுங்க மேடம்" என்றான் அவன். "டிக் போட்டது யாருன்னு அதுல இருக்கு. இவளேதான் இவ மூஞ்சிய அழிச்சிருக்கா."

கோகிலவாணி படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஆமா. நாந்தான் போட்டேன்" என்றாள். "எதுக்குப் போட்டேன்? எம்புள்ள என்னைய நெனச்சு அழுதா, அத எண்ணி எண்ணி கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது யாரு? அழக்கூடாது, அழுதா பாக்க விடமாட்டாங்கன்னு நெலமைய உண்டாக்கினது யாரு? அழாம இருக்க என்ன வழின்னு தேடினேன். அந்தக் கட்டத்துல 'அமைதி'ன்னு போட்டிருந்துச்சு. போட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் மறக்காம போட்டேன்."

"அழுதது உண்மைதானே? அறுபத்தோரு நாள். என்னையப் பாத்து ஒரு நாள்கூட அழல."

"உன்னையப் பாத்து எதுக்கு அழணும்? நீ என்ன அவளுக்குக் கெடைக்காம போயிட்டியா?"

"கெடைக்காதவ நீதான். போனது நீதான்."

"போனேனா? அடிச்சுத் தொரத்தாத கொறையா அனுப்பிட்டு..."

செலின் மேடம் பேனாவால் மேஜையைத் தட்டினார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. மிஸ்டர் லோகேஸ்வரன், குழந்தை அழுத ரெக்கார்டிங் பாத்தீங்களா?"

அவன் ஒரு கணம் தாமதித்தான். இந்த ஒரு கணத்துக்காக அவனைப் பிறகு மன்னிக்க வேண்டியிருந்தால் மன்னிக்கலாம், பதிலுக்காக முடியாது.

"இல்ல மேடம். அழிஞ்சு போச்சுன்னாங்க."

"வண்டிக் கம்பெனியில எங்களுக்கு நேரடியா அனுப்பியிருக்காங்களே" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த திரையைப் போட்டார்.

உள்ளங்கைகள் மறுபடியும் திரையில் அழுந்தின. வெளிய வாம்மா. கோகிலவாணி சத்தமில்லாமல் எழுந்து சுவர்ப்பக்கம் போனாள். அழவில்லை. படத்தில் இருந்த கையின் அளவுக்குத் தன் கையை விரித்துச் சுவரில் வைத்துப் பார்த்தாள். லோகேஸ்வரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நியாயம்னா ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்று செலின் மேடம் அடுத்த கோப்பைத் திறந்தார். "இது போன வாரம் நீங்க அனுப்பின படம். பாப்பா திரையில பாத்தது."

திரையில் ஒரு நீலச் சைக்கிள் வந்தது. மணி அடித்தது, சக்கரம் சுற்றியது. பிறகு ஒரு நாய்க்குட்டி பொம்மை. பிறகு நீச்சல்குளம். ஆள் யாரும் இல்லை. அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியவன் லோகேஸ்வரன். "டாடி உனக்கு என்ன வாங்கியிருக்கேன் பாரு" என்று சொல்லி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைவாரி எடுத்தது. சைக்கிளின் கைப்பிடியில் இருந்திருக்க வேண்டிய கைகூட இல்லை. வண்டி அந்த இடத்தைச் சுத்தமாக நிரப்பியிருந்தது.

"நான் எங்க?" என்றான்.

செலின் மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே இருந்த குறிப்பைப் படித்தார். "தகப்பனார் முகம், குரல் நீக்கப்பட்டது. காரணம், அந்த இடங்களில் பயணி திரையைப் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்க்கிறார்."

"தப்பா இருக்கும். இன்னொரு தடவை பாருங்க மேடம்."

பார்த்தார். "மார்ச் மாசத்துலேர்ந்து நீங்க இல்ல."

கோகிலவாணி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அதற்குத் தகுந்த பதிலும் நாக்கு நுனியில் வைத்திருந்தான். அவள் கட்டை மறுபடி சுற்றிக்கொண்டு, "ஒரே வீட்டுல இருந்துமா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தான் கொண்டுவந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

அன்று மாலையே உத்தரவு வந்தது. வண்டியில் திரை கூடாது. சந்திப்பு தொடரும். ஒவ்வொரு பயணத்திலும் குழந்தை வசிக்கும் வீட்டின் பெற்றவர் பின் சீட்டில் கூட உட்கார்ந்து போய்ச் சேர்ப்பிக்க வேண்டும். அழுகை இனி கணக்கில் வராது. வக்கீல் மேல்முறையீடு செய்யலாம் என்றார். லோகேஸ்வரன் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றது. ஓவியா ஏறி, உள்ளே அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். பெல்ட்டை மாட்டிவிட அவன் தடவினான். எந்தப் பக்கம் மாட்டுவது என்று அவளே காட்டிக்கொடுத்தாள். திரை இருந்த இடத்தில் கறுப்பு மூடி போட்டிருந்தார்கள்.

அவினாசி தாண்டியது. அம்மா வீட்டுக்குப் போகிறோம், நிஜ அம்மா, புருவத்தில் தழும்பு இருக்கும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்டுக்கொண்டாள், எதுவும் கேட்கவில்லை. பெருந்துறையில் ஸ்கூலில் என்ன சாப்பிட்டாய் என்றான். "லெமன் ரைஸ்" என்றாள். பவானிப் பாலம் வந்தது. ஆறு தெரியுது பார் என்றான். அவள் ஏற்கெனவே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாபாரம் பேசி வெளிநாட்டுக்காரர்களை மடக்கிப் போடுகிறவனுக்கு, ஐந்து வயதுப் பிள்ளையிடம் அடுத்தது என்ன கேட்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

தன்னையே நொந்துகொண்டு, சின்ன வயதில் தான் சைக்கிளில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட கதையை ஆரம்பித்தான். கையை ஆட்டி, குரலை மாற்றி, படத்துக்கு எடுப்பதைப்போலவே முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டு சொன்னான். சங்ககிரி வரும்போது ஓவியா ஜன்னலிலிருந்து திரும்பினாள். அவன் கையை ஆட்டுவதை நிறுத்தினான். அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"டாடி," என்றாள், மரியாதையாகத்தான். "நீங்க முடிய இன்னும் எத்தன நிமிஷம் இருக்கு?"

அவன் வாய் திறப்பதற்குள், ஆள்காட்டி விரலை அவன் கன்னத்தில் வைத்து, திரையில் படத்தைத் தள்ளுவதைப்போல வலமிருந்து இடமாக ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். முகம் அங்கேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தி, மறுபடியும் தள்ளினாள்.